திகில் பட ஓப்பனிங் கற்றுத்தரும் இணைய வகுப்பு: காது பாஸ், பேனா ஃபெயில்

திகில் படத்தின் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எழுத்து முதல் மிக்சிங் வரை சொல்லித்தரும் இணைய வகுப்பு இது. ஒன்பது பாடங்கள், சுமார் ஆறு மணி நேர வீடியோ. கூடவே ஒரு மாதிரி ஸ்கிரிப்ட், எடிட் செய்து பழகுவதற்கு வெட்டாத காட்சித் துண்டுகள், நாற்பது சொச்சம் ஒலிக் கோப்புகள், கடைசியில் நாம் எழுதி அனுப்பும் ஓப்பனிங்குக்கு ஒருமுறை கருத்து. முழுப் படம் எடுக்கக் கற்றுத்தருகிறோம் என்று அளக்காமல் ஒரே காட்சியோடு நிறுத்திக்கொண்டது நல்ல முடிவு.

முதலிலேயே சொல்லிவிடலாம். ஒலி பற்றிய இரண்டு பாடங்களும் எடிட்டிங் பாடமும் தரமானவை. எழுத்து பற்றிய முதல் மூன்று பாடங்களை அப்படியே நம்பி எழுத உட்கார்ந்தால், ஏற்கெனவே நூறு தடவை பார்த்த காட்சிதான் வரும். லைட்டிங் பாடம் பாதிக் கிணறு.

எழுத்தில் எங்கே சறுக்குகிறது

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். திகில் எழுதுகிறவர்கள் இதை வரிசை மாறாமல் படிக்க வேண்டும். முதலில் ஆள் அரள வேண்டும். அப்புறம்தான் இருட்டு பேயாகும். அரளாதவனுக்கு இருட்டு வெறும் கரண்ட் கட். இந்த வகுப்பின் முதல் மூன்று பாடங்களும் இருட்டைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, ஏன் யாரும் அரளவில்லை என்று யோசிக்கின்றன.

முதல் பாடம் ஓப்பனிங்கை நான்கு வகையாகப் பிரிக்கிறது: முதல் காட்சியிலேயே ஒரு சாவு, பல வருடங்களுக்கு முன் நடந்த ஒரு சம்பவம், எதுவுமே நடக்காதது போன்ற அமைதி, யாரோ விட்டுப்போன கேசட்டோ டைரியோ கிடைப்பது. பிரிவு சரிதான். எந்தக் கதைக்கு எது பொருந்தும் என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் குறை. ஆபத்து எப்படி வரும் என்பதைப் பார்வையாளர் தெரிந்துகொள்ள வேண்டிய கதைக்குச் சாவு பொருந்தும். ஆபத்து ஏன் வருகிறது என்பதே கதையின் முடிச்சாக இருந்தால் பழைய சம்பவத்தை முதலில் காட்டக் கூடாது. காட்டினால் முடிச்சை நாமே அவிழ்த்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதாநாயகி அதைக் கண்டுபிடிப்பதைக் கொட்டாவியோடு பார்க்க வேண்டியதுதான். அமைதி வகையைத் தேர்ந்தெடுத்தால் அந்த அமைதிக்குள் ஒரு பொருள் இடம் மாறியாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அது விளம்பரப் படம்.

இரண்டாம் பாடம் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது: முதல் 90 விநாடிக்குள் ஒரு அதிர்ச்சி வந்தே ஆக வேண்டுமாம். இதற்குச் சாட்சியாக 1996-இல் வந்த ‘ஸ்க்ரீம்’ படத்தைக் காட்டுகிறார்கள். அந்தப் படத்தின் முதல் காட்சி சுமார் 12 நிமிடம் ஓடுகிறது. பெரும்பகுதி ஒரு பெண்ணும் ஒரு டெலிபோனும்தான். போஸ்டரில் பெரிதாக இருந்த ட்ரூ பேரிமோர் அந்தக் காட்சியின் முடிவிலேயே கொல்லப்படுகிறார். சீக்கிரம் கொல் என்று இதிலிருந்து பாடம் எடுப்பது மேலோட்டம். போஸ்டரில் இருப்பவருக்கே பாதுகாப்பு இல்லை என்று ஆனபிறகு, மீதிப் படத்தில் எந்தப் பாத்திரம் போனை எடுத்தாலும் வயிறு கலங்கும். காட்சி சம்பாதித்துக் கொடுத்தது அதைத்தான்.

1978-இன் ‘ஹாலோவீன்’ முதல் காட்சியில் கொலைகாரனின் கண்வழியாகவே நாம் வீட்டுக்குள் போகிறோம். முகமூடியைக் கழற்றியதும் நிற்பது ஆறு வயதுப் பையன். அதற்குப் பிறகு கேமரா சும்மா ஒரு புதரோரம் நின்றாலே, இது யாருடைய பார்வை என்று மனம் கேட்கத் தொடங்கிவிடும். 1975-இன் ‘ஜாஸ்’ முதல் காட்சியில் சுறா கண்ணில் படுவதே இல்லை. நீரின் மேற்பரப்பும், அதில் அங்குமிங்கும் இழுபடும் ஒரு பெண்ணும் மட்டும்தான். பிறகு படத்தில் அமைதியான கடல் வந்தாலே போதும், கால் கூசும். மூன்று படமும் செய்திருப்பது ஒரே வேலை. ஒரு சாதாரணப் பொருளை எடுத்து, இதைக் கண்டால் பயப்படு என்று பார்வையாளரைப் பழக்கியிருக்கின்றன. டெலிபோன், கேமராவின் நிலை, தண்ணீர். இந்தப் பழக்கத்தை உண்டாக்குவதுதான் ஓப்பனிங்கின் முதல் கடமை. அதை இந்த வகுப்பு எங்கேயும் நேராகச் சொல்லவில்லை.

சொல்லாததன் விளைவு மூன்றாம் பாடத்தின் மாதிரி ஸ்கிரிப்ட்டில் தெரிகிறது. மழை, பழைய வீடு, தானாகத் திறக்கும் ஜன்னல், மெழுகுவர்த்தி, கண்ணாடியில் உருவம். மூன்று பக்கத்தில் ஐந்து அதிர்ச்சி. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உறவில்லை. ஜன்னல் ஏன் திறந்தது என்பது கண்ணாடிக் காட்சிக்கு உதவவில்லை. கண்ணாடி மறுபடி படத்தில் வருமா என்பதும் தெரியவில்லை. அடுத்த காட்சியில் எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்று பார்வையாளரைக் கேட்டால், பொதுவாக எல்லாவற்றையும் என்பார். அப்படியென்றால் எதையும் இல்லை என்றுதான் பொருள்.

அந்த ஸ்கிரிப்ட்டை எப்படித் திருத்தலாம் என்பதற்கு ஒரு உதாரணம். ஐந்து பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வோம்: ஆள் அசைந்தால் எரியும் சென்சார் லைட்.

உள் / அடுக்குமாடி காரிடார் / இரவு
இருட்டு. லிஃப்ட் திறக்கிறது. பையும் சாவிக்கொத்துமாக ஒரு பெண். இரண்டு அடி வைத்ததும் தலைக்கு மேல் லைட் எரிகிறது.
தன் கதவின் முன் நிற்கிறாள். கொத்தில் ஒவ்வொரு சாவியாகப் பார்க்கிறாள். லைட் அணைகிறது. நிமிர்ந்து பார்க்காமலே சலிப்போடு கையைத் தலைக்கு மேல் ஆட்டுகிறாள். எரிகிறது.
உள்ளே போகிறாள். கதவு சாத்துகிறது. காலி காரிடார். லைட் அணைகிறது.
இருட்டு.
இருட்டு.
லைட் எரிகிறது. யாரும் இல்லை.

முதல் தடவை லைட் எரிவது தகவல். அதைப் பார்வையாளர் கவனித்தாரா என்பதுகூட முக்கியமில்லை. இரண்டாம் தடவைதான் காட்சியின் அச்சாணி: அசையாமல் நின்றால் அணையும், அசைந்தால் எரியும் என்ற விதி ஒரு வார்த்தை பேசாமல் மண்டையில் ஏறிவிடுகிறது, அதுவும் அலுத்துப்போன ஒரு கையசைப்பால். இந்த இரண்டாம் தடவையை வெட்டிவிட்டு முதலிலிருந்து மூன்றாவதற்குத் தாவினால் பார்வையாளர் பயப்பட மாட்டார். வயரிங் கோளாறு என்பார். விதியை வசனமாக வைத்தாலும் அதே கதிதான். ‘ஆள் வந்தா மட்டும்தான் இந்த லைட் எரியும்’ என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்ன நொடியே, எழுதியவர் முதுகில் தட்டிக் கூப்பிடுவது கேட்டுவிடும்.

‘இருட்டு’ என்பதை இரண்டு தனித்தனி வரியாகப் போட்டிருப்பது அலங்காரம் இல்லை. படிப்பவர் கண் அங்கே இரண்டு தடவை நிற்கிறது. ஷாட்டும் அந்த அளவு நிற்க வேண்டும் என்று எடிட்டருக்கு அது தகவல். ஐந்து விநாடிக்குக் குறையாமல். கடைசி வரியில் ஒரு நிழல், ஒரு கால்தடம், ஒரு கை என்று சேர்க்க ஆசை வரும். கூடாது. காட்டினால் பயம் அந்தக் கையோடு முடிந்துவிடும். காட்டாவிட்டால் படம் முழுக்க எந்த லைட் எரிந்தாலும் வேலை செய்யும்.

இந்த மாதிரி லைட்டுகள் பெரும்பாலும் உடம்புச் சூடு நகர்வதைத்தான் உணர்கின்றன. பேய்க்கு உடம்புச் சூடு உண்டா என்று கேட்கிற ரசிகர் ஒருவராவது இருப்பார். அவரைத் திட்டாதீர்கள். வந்தது பேய் இல்லை, உயிருள்ள ஏதோ ஒன்று என்ற திருப்பத்தை அவர் இலவசமாகத் தந்துவிட்டுப் போகிறார்.

நேரக் கணக்கிலும் வகுப்பு ஒரு இடத்தில் தடுக்குகிறது. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற பழைய கணக்கைச் சொல்லி, மூன்று பக்கம் எழுதினால் மூன்று நிமிடம் என்கிறார்கள். வசனம் உள்ள காட்சிக்கு அது ஓரளவு சரி. வசனமே இல்லாத, நின்று நிதானிக்கிற திகில் காட்சி அந்தக் கணக்குக்கு அடங்காது. மேலே உள்ள காரிடார் காட்சி கால் பக்கம் வரும். ஒழுங்காக எடுத்தால் ஒரு நிமிடத்தைத் தாண்டும். எழுதியதும் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செயலையும் உண்மையான வேகத்தில் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி.

லைட்டிங்

நான்காம் பாடம் ஃப்ரேமையும் வெளிச்சத்தையும் சேர்த்துப் பேசுகிறது. ஃப்ரேம் பகுதி நன்று. பாத்திரத்தை ஃப்ரேமின் ஓரத்துக்குத் தள்ளி, பின்னால் ஒரு திறந்த கதவையோ காலி இடத்தையோ விட்டால் பார்வையாளரின் கண் தானாக அங்கே போய் நிற்கும். அந்த இடத்தில் முதல் மூன்று ஷாட்டில் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது அனுபவசாலியின் பேச்சு.

வெளிச்சப் பகுதியில், இருட்டு வேண்டுமென்றால் இருட்டாகவே எடுங்கள் என்கிறார்கள். கேமராவில் அண்டர் எக்ஸ்போஸ் செய்து (வெளிச்சம் போதாமல் பதிந்து) எடுத்த காட்சியில் நிழல் பகுதி முழுக்க புள்ளி புள்ளியாக நாய்ஸ் ஊறும். டி.ஐ.யில், அதாவது பிறகு நிறமும் வெளிச்சமும் திருத்தும் கிரேடிங்கில், கொஞ்சம் தூக்கினால் சாம்பல் நிறப் புழுக்கள் நெளியும். சரியான எக்ஸ்போஷரில், அல்லது வெளிச்சப் பகுதி வெளுத்துப் போகாதவரை ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு வெளிச்சம்) கூடுதலாக எடுத்துவிட்டு, கிரேடிங்கில் இறக்குவதே பாதுகாப்பு. அதோடு ஃப்ரேமுக்குள் எங்காவது ஒரு பிரகாசமான புள்ளி வேண்டும்: ஜன்னல் இடுக்கு, மேஜை விளக்கு, போன் திரை. அந்த ஒப்பீடு இருந்தால்தான் கருப்பு கருப்பாகத் தெரியும். ஒன்றுமே இல்லாவிட்டால் கண் பழகி, கருப்பைச் சாம்பலாகப் பார்க்கும்.

சுவர்மேல் மெல்ல மங்கிப்போகும் வெளிச்சம் 8 பிட் வீடியோவில் படிக்கட்டு படிக்கட்டாக உடையும். ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், அதில் இருட்டுப் பகுதிக்குக் கிடைப்பது சொற்பம். 10 பிட்டில் 1024. கேமராவில் அந்த வசதி இல்லையென்றால் கிரேடிங் முடிந்தபின் லேசாக கிரெய்ன் (பிலிமில் தெரிவது போன்ற நுண்புள்ளி) தூவினால் படிக்கட்டு மறையும். இணையத்தில் ஏற்றும்போது கம்ப்ரஷன் முதலில் கடிப்பது நிழலைத்தான். இதைப் பற்றி நாற்பது நிமிடப் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை. முடித்த காட்சியை வெளிச்சமான அறையில், பாதி பிரைட்னஸில் வைத்த போனில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதில் கதை புரியவில்லையென்றால் பாதிப் பேருக்குப் புரியாது.

எடிட்டிங்

ஐந்தாம் பாடத்திலிருந்து வகுப்பு வேறு ஆள் கைக்குப் போனது போல நிமிர்கிறது. பயிற்சிக்குத் தந்திருக்கும் காட்சித் துண்டுகள் ஒரு பெண் படிக்கட்டில் இறங்கி வருவது. ஒரே துண்டுகளை மூன்று விதமாக வெட்டிக் காட்டுகிறார்கள்.

முதல் வெட்டு எல்லோரும் செய்வது: ஷாட்டுகள் சிறிதாகிக்கொண்டே போய், ஒரு நொடி அமைதி, பிறகு அதிர்ச்சி. திகில் படம் பார்த்துப் பழகியவர் அந்த அமைதியிலேயே காதைப் பொத்திக்கொள்வார். இரண்டாம் வெட்டில் முதல் மூன்று ஷாட்டும் ஆறு விநாடி, ஆறு விநாடி, ஆறு விநாடி. தாளம் பழகிவிடுகிறது. நான்காவது ஷாட் ஆறு விநாடியைத் தாண்டி நிற்கிறது. எட்டு, ஒன்பது, பத்து. கட் வர வேண்டிய இடத்தில் வராததால் கண் ஃப்ரேமைத் துழாவ ஆரம்பிக்கிறது. பதினோராவது விநாடிக்குச் சற்று முன், படிக்கட்டின் கீழே ஷாட் தொடங்கியதிலிருந்தே நின்றுகொண்டிருக்கும் உருவத்தைக் கண் கண்டுபிடிக்கிறது. உருவம் அசையவில்லை, இசை இல்லை, கட் இல்லை. பார்வையாளர் தானே கண்டுபிடித்த பயம் என்பதால் அதற்கு வலு அதிகம்.

இது பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. அதையும் பாடம் சொல்கிறது. கண் முதலில் போவது முகத்துக்கும் அசைவுக்கும் பிரகாசத்துக்கும். உருவம் இந்த மூன்றிலிருந்தும் விலகி இருக்க வேண்டும். பெண்ணின் முகத்துக்கு அருகில் வைத்தால் முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். ஷாட்டின் நடுவில் உருவத்தை நுழையவிட்டால் அசைவு காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது வெட்டில் அதிர்ச்சி, அமைதிக்குப் பின்னால் வராமல் ஒரு சலிப்பான வேலையின் நடுவில் வருகிறது: அவள் செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருக்கும்போது. மூன்றில் இதுதான் கடினம். சலிப்பான வேலை உண்மையிலேயே சலிக்க வேண்டும். அதைக் கொஞ்சம் மர்மமாக எடுத்துவிட்டால்கூட ஆள் உஷாராகிவிடுவார்.

ஒலி: வகுப்பின் உயிர்

ஆறும் ஏழும் ஒலிப் பாடங்கள். ஜம்ப் ஸ்கேரை (திடீர்ச் சத்தத்தாலோ காட்சியாலோ துள்ளவைப்பதை) மட்டமான உத்தி என்று ஒதுக்காமல், உடம்பு எப்படித் துள்ளுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். திடீர்ச் சத்தத்துக்கு இமை அனிச்சையாகச் சுருங்க 30 முதல் 50 மில்லிவிநாடி போதும். விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் சுமார் 42 மில்லிவிநாடி. அதாவது என்ன நடந்தது என்று மூளை யோசிக்கும் முன்பே, ஓரிரு ஃப்ரேமில், உடம்பு துள்ளத் தொடங்கிவிடுகிறது.

இங்கிருந்து மூன்று நடைமுறை முடிவுகள். சத்தம் ஒரே அடியாக எழ வேண்டும். அந்த அடியின், அதாவது அதிர்ச்சிச் சத்தத்தின், தொடக்கத்தில் இரண்டு ஃப்ரேம் ஃபேட்-இன் (ஒலி மெல்ல ஏறுவது) இருந்தாலே துள்ளல் சப்பென்று ஆகிவிடும். வேவ்ஃபார்மை (ஒலியின் வரைபடத்தை) பெரிதாக்கிப் பார்த்து, தொடக்கம் செங்குத்தாக இருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்கிறார்கள்.

இரண்டாவது, பலருக்குத் தெரியாதது. பெரிய சத்தத்துக்குச் சுமார் பத்தில் ஒரு விநாடி முன்னால் ஒரு சின்னச் சத்தம் இருந்தால், உடம்பு துள்ளுவது கணிசமாகக் குறைந்துவிடும். முன்னால் வந்த சின்ன அடி, பின்னால் வரும் பெரிய அடியைத் தடுக்கும் கேடயமாகிறது. எடிட்டில் இதன் அர்த்தம்: அடிக்கு இரண்டு மூன்று ஃப்ரேம் முன்னால் ஃபோலி டிராக்கில் (நடை, உரசல் போன்ற சின்னச் சத்தங்களைப் பிறகு பதிந்து சேர்க்கும் தடத்தில்) ஒரு துணி உரசலோ, தரைப்பலகை முனகலோ, நடிகரின் மூச்சோ கிடந்தால், அதுதான் உங்கள் காட்சியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. மிக்சிங்கில் அடியை 3 டெசிபல் ஏற்றுவதும், இன்னொரு லேயர் சேர்ப்பதும், பாஸ் கூட்டுவதும் வீண்வேலை. அந்தத் துணி உரசலை எடுத்தாலே போதும். வகுப்பின் பயிற்சிக் கோப்பில் வேண்டுமென்றே இந்த உரசலை மறைத்து வைத்திருக்கிறார்கள். மியூட் செய்து கேட்டு, மறுபடி ஆன் செய்து கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. கட்டணத்தை நியாயப்படுத்துவது இந்த ஒரு பயிற்சிதான்.

மூன்றாவது, துள்ளல் பழகிப்போகும். ஐந்து நிமிடத்தில் மூன்று அடி வைத்தால் மூன்றாவதற்கு யாரும் அசைய மாட்டார்கள். இந்த இடத்தில் 1942-இன் ‘கேட் பீப்பிள்’ படத்தின் பஸ்ஸைக் காட்டுகிறார்கள்: இரவில் நடந்து போகும் பெண், பின்தொடரும் ஏதோ ஒன்று, சீறிக்கொண்டு வந்து நிற்பது கடைசியில் ஒரு பஸ். தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இந்த உத்தியை ‘லூட்டன் பஸ்’ என்றே சினிமாக்காரர்கள் சொல்கிறார்கள். பொய்யான அடி ஒருமுறைதான் செல்லும், அதை ஓப்பனிங்கில் செலவழித்தால் படத்தின் நடுவில் கையில் எதுவும் இருக்காது என்ற எச்சரிக்கை நியாயமானது.

ஆனால் இவர்களே ஒரு படி மேலே போயிருக்கலாம். பயந்திருக்கும் உயிர் அதே சத்தத்துக்குக் கூடுதலாகத் துள்ளும் என்பது 1951-லேயே எலிகளை வைத்துச் செய்த சோதனையில் பதிவானது. ஒரு அடையாளம் வந்தால் ஷாக் அடிக்கும் என்று பழக்கப்பட்ட எலிகள், அந்த அடையாளம் இருக்கும்போது கேட்ட திடீர்ச் சத்தத்துக்கு மற்ற நேரத்தைவிட அதிகம் துள்ளின. அரண்டவன் கண் என்று நம்மவர்கள் சொன்னது இதுதான். காரிடார் லைட் அந்த அடையாளம். அதைப் பழக்கிவிட்டால், அரை மணி நேரம் கழித்து அந்த லைட்டின் கீழே ஒரு கதவைச் சாதாரணமாகச் சாத்தினாலே போதும். எழுத்துப் பாடத்தில் விட்டதை ஒலிப் பாடத்தில் பிடித்திருக்கலாம். வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

அமைதி பற்றிய பகுதி கச்சிதம். அமைதி என்பது ஒலியைப் பூஜ்யமாக்குவது இல்லை. டைம்லைனில் வெற்றிடம் விட்டால் தியேட்டரில் ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். படப்பிடிப்பு நடந்த ஒவ்வொரு இடத்திலும், எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து 60 விநாடி ரூம் டோன் (அந்த இடத்தின் வெறும் ஒலி) எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அதன் மேலே உள்ள ஆம்பியன்ஸை (சூழல் ஒலிகளை) ஒவ்வொன்றாக உருவ வேண்டும்: முதலில் தூரத்துப் போக்குவரத்து, அடுத்து பூச்சிச் சத்தம், கடைசியில் ஃப்ரிட்ஜ். ஆறேழு விநாடியில் மெல்ல இறக்கினால் என்ன போனது என்று யாருக்கும் தெரியாது. ஏதோ போய்விட்டது என்று மட்டும் தெரியும். ஃப்ரிட்ஜை மட்டும் படக்கென்று நிறுத்தலாம், நிஜத்திலும் அது அப்படித்தான் நிற்கும்.

குறை என்றால் அளவுகள். 30 ஹெர்ட்ஸ் உறுமலை அடியில் போடுங்கள், வயிற்றைக் கலக்கும் என்கிறார்கள். தியேட்டரில் சரி. போனிலும் லேப்டாப்பிலும் அந்த உறுமல் வரவே வராது. அதே ஒலியின் மேல் அடுக்குகளை, 200 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்கும்படி, லேசான டிஸ்டார்ஷன் கொடுத்து எழுப்பினால்தான் சின்ன ஸ்பீக்கரில் அதன் சாயலாவது இருக்கும். ஒலியின் சராசரிச் சத்தம் சுமார் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவைத் தாண்டினால் யூட்யூப் மொத்தத்தையும் இறக்கிவிடும். எல்லாவற்றையும் சத்தமாக மிக்ஸ் செய்தவர்களின் அடி அங்கே சப்பையாகக் கேட்பது அதனால்தான். அமைதியான பகுதியை நிஜமாகவே அமைதியாக விட்டால் சராசரி தாழ்ந்திருக்கும், அடிக்கு இடம் கிடைக்கும். தியேட்டரில் ஒரு சேனல் 85 டெசிபலுக்கு அளவு வைக்கப்பட்டு, அதற்கு மேல் 20 டெசிபல் இடம் இருக்கும். வீட்டில் அந்த இடம் இல்லை. இரண்டுக்கும் ஒரே மிக்ஸ் என்று நினைப்பது தப்பு.

தரும் ஒலிக் கோப்புகள் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் வடிவம், தரம் சரி. ஆம்பியன்ஸ் கோப்புகள் பயன்படும். ஆனால் அதிர்ச்சி அடிகள் பலவற்றில் ரிவெர்ப் (எதிரொலி) சேர்த்தே வந்திருக்கிறது. குறுகலான குளியலறைக் காட்சிக்குப் பெரிய ஹாலின் எதிரொலி எப்படிப் பொருந்தும்? அடியை ரிவெர்ப் இல்லாமல் தந்து, அந்தந்த இடத்துக்கேற்ப நாமே போட்டுக்கொள்ள விட்டிருக்க வேண்டும். இதில் வேடிக்கை, சில கோப்புகளின் தொடக்கத்தில் இவர்களே ஆகாது என்று சொன்ன ஃபேட்-இன் இருக்கிறது. வெட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மீதி

எட்டாம் பாடம் டைட்டில் கார்டு. இருபது நிமிடம் பேசும் அளவுக்கு அதில் விஷயம் இல்லை. கடைசி அதிர்ச்சிக்கும் டைட்டிலுக்கும் நடுவே இரண்டு மூன்று விநாடி கருப்பு விடுங்கள், டைட்டிலின்போது புதிய தகவல் எதையும் தராதீர்கள் என்பதோடு முடித்திருக்கலாம். டைட்டிலுக்குப் பின் எப்போதும் வெயிலடிக்கும் பகலுக்கே கட் செய்யச் சொல்கிறார்கள், தேய்ந்துபோன பழக்கம். அதே இடத்துக்கு, அடுத்த நாள் காலையில், அதே கேமரா கோணத்தில் போனால் பார்வையாளர் தானாகவே வித்தியாசத்தைத் தேடுவார். ஒன்பதாம் பாடம், கோப்புகளை ஏற்றுமதி செய்வது. எடிட் சாஃப்ட்வேர் தெரிந்தவர்கள் தாண்டிவிடலாம்.

ஸ்கிரிப்ட்டுக்குக் கருத்து சொல்லும் சேவை, பதினான்கு கேள்விகள் கொண்ட ஒரு படிவம். அதில் பாதி ‘சூழல் பயமூட்டுகிறதா’ என்ற ரகம். பதில் எதுவாக இருந்தாலும் உதவாது. இரண்டு கேள்விகள் மட்டும் தங்கம். ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால் காட்சி புரிகிறதா, படத்தை அணைத்துவிட்டுக் கேட்டால் புரிகிறதா என்பது ஒன்று. இரண்டுக்கும் ஆம் என்றால் காட்சி ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்கிறது. ஒன்றிலிருந்து கொஞ்சம் எடுத்துவிடலாம். காட்சியின் கடைசி வரியை வெட்டினால் என்ன இழக்கிறோம் என்பது இன்னொன்று. திருத்தி எழுதியதை மறுபடி அனுப்ப வழியில்லை என்பது பெரிய குறை, ஏனென்றால் ஓப்பனிங் என்பது முதல் டிராஃப்ட்டில் அமைகிற சமாச்சாரமே இல்லை. படத்தின் முடிவு எழுதியானதும் திரும்பி வந்து மாற்றி எழுதுவதுதான் வழக்கம்.

குறும்படம் எடுத்து, ஜம்ப் ஸ்கேர் ஏன் எடுபடவில்லை என்று குழம்பியிருக்கும் எடிட்டருக்கும் சவுண்ட் ஆளுக்கும் இது தாராளமாகப் பரிந்துரைக்கத் தக்கது. எழுத்தாளராக மட்டும் இருப்பவர் யோசித்துச் சேரலாம். சேர்ந்தால் வரிசையை மாற்றிப் பாருங்கள்: முதலில் ஆறு, ஏழு, அடுத்து ஐந்து, பிறகு நான்கில் ஃப்ரேம் பகுதி மட்டும். அதற்கப்புறம் மாதிரி ஸ்கிரிப்ட்டைத் திறந்து, அதிலுள்ள ஐந்து அதிர்ச்சியில் நான்கை அடித்துவிட்டு, மீதி ஒன்றை மூன்று தடவை வரும்படி எழுதிப் பாருங்கள். முதல் மூன்று பாடங்களையும் அதன்பிறகு ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிக்கொள்ளலாம்.